ரில்லில் நிற்பவரையும் கேளுங்கள்

தென் லண்டனில் எங்கள் கடை இருக்கும் பகுதிக்குக் கவுன்சில் புதிய மதுக் கொள்கை எழுதுகிறது. குடிவெறிச் சண்டை, கூச்சல், தெருவோரத்தில் குந்தியிருந்து குடிப்பது, போத்தல் உடைப்பது எல்லாவற்றையும் குறைக்கவேண்டும் என்பது நோக்கம். அதில் எனக்கு மறு கருத்து இல்லை. மது விற்கும் கடையின் லைசன்ஸில் பொறுப்பாளராக இருப்பது என் பெயர். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வளர்ந்ததும் அதே தெருவில்தான். தெரு அமைதியாக இருக்கவேண்டும் என்ற ஆசை எந்த அதிகாரியையும்விட எனக்குக் கூட உண்டு.

என் குறை வேறு. வரைவு முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான் எங்களுக்குக் கடிதம் வந்தது. ‘லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு’ என்று தொடங்கும் ஒற்றைத் தாள். அதில் ஓர் இணைய முகவரி. உள்ளே போனால் கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘அறவே உடன்படவில்லை’ என்பது வரை ஐந்து வட்டங்கள். மதுவை வாங்கி வெளியே கொண்டுபோகும் ஓஃப் லைசன்ஸ் கடைகளுக்கான முக்கிய கேள்வி, இரவு 11 மணிக்குப் பிறகு மது விற்பதை நிறுத்த ஆதரவா என்பது. நாங்கள் பத்தரைக்கே ஷட்டரை இறக்கிவிடுகிறோம். எங்கள் தெருவில் தொல்லை தொடங்குவது காலை ஏழு மணிக்கு. காலையைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

ஆறு மணிக்குக் கடை திறப்பேன். பேப்பர்க் கட்டின் பட்டியை வெட்டி அடுக்கி முடிப்பதற்குள் பஸ் சாரதிகளும் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களும் வந்து போய்விடுவார்கள். ஆறே முக்கால் போல ஒருவர் வருவார். ஐம்பது வயது மதிக்கலாம். ஒரு காலத்தில் கூரை வேலை செய்தவராம். நேரே ஃபிரிட்ஜுக்குப் போய் 7.5 வீத சைடர் ரின் ஒன்றை எடுத்துவந்து காசு வாங்கும் ரில்லில் வைப்பார். உள்ளங்கையிலிருந்து ஒவ்வொரு காசாக எடுத்து மேசையில் வைக்கும்போது விரல்கள் நடுங்கும். காசு ஒன்று கீழே விழுந்தால் குனிந்து எடுக்க அவரால் முடியாது; நான்தான் சுற்றிவந்து எடுத்துக் கொடுப்பேன். வெறியில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டு விற்பது குற்றம், 1,000 பவுண் வரை தண்டம். ஆனால் அந்த நேரத்தில் அவர் வெறியில் இல்லை. உடம்பில் மது இறங்கிப்போனதால் வருகிற நடுக்கம் அது. அவருக்கு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

எட்டு மணிக்குள் பஸ் தரிப்பிட வாங்கில் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். எட்டேகாலுக்கு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியால் போகும். தாய்மார் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார்கள். மதியத்துக்கு முதல் வாய்த்தர்க்கம். சில நாட்களில் பின்னேரம் ஓர் அம்புலன்ஸ். இரவு 11 மணிக்கு அந்த வாங்கில் எவரும் இருப்பதில்லை.

இரவு 11 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. பப்களும் கிளப்களும் நெருங்கியிருக்கும் நகர மையத்தில் அடிதடி நடப்பது பின்னிரவில்தான். பொலிஸாரின் பதிவுகளும் அந்த நேரத்தில்தான் குவியும். அந்தக் கணக்கை வைத்து எழுதிய திட்டத்தைப் பள்ளிக்கூடமும் பஸ் தரிப்பிடமும் ஏழு சில்லறைக் கடைகளும் உள்ள எங்கள் தெருவுக்கும் விரித்திருக்கிறார்கள். எழுதத் தொடங்கும் முன் ஒருவர் வந்து என் ரில் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

கேட்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனை 2003ஆம் ஆண்டின் லைசன்ஸிங் சட்டத்தின் கீழ் வருகிறது. 2005 நவம்பர் 24 முதல் அது முழுதாக நடைமுறையில் இருக்கிறது. குற்றத்தையும் குழப்பத்தையும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, அயலவருக்கு வரும் தொல்லையைத் தடுப்பது, பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பது ஆகிய நான்கும் அதன் குறிக்கோள்கள். கவுன்சில்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் கொள்கையைப் புதுப்பித்து வெளியிடவேண்டும். அதற்கு முன் யார் யாரைக் கேட்கவேண்டும் என்று சட்டத்தின் 5ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: பொலிஸ், தீயணைப்புத் துறை, பொதுச் சுகாதாரத் துறை, அங்கே வாழும் சனத்தின் பிரதிநிதிகள், அவர்களோடு லைசன்ஸ் வைத்திருப்பவர்களின் பிரதிநிதிகளும். ஆகவே கடிதம் அனுப்பியதில் கவுன்சில் சட்டத்தை மீறவில்லை. ஆனால் சட்டத்துக்குக் கணக்குக் காட்டக் கேட்பதற்கும், விஷயம் அறியக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கொள்கை மாறினாலும் பழைய லைசன்ஸ் மாறாது. புதிதாக விண்ணப்பிப்பவர், விற்கும் நேரத்தைக் கூட்டக் கேட்பவர், முறைப்பாடு வந்து மீளாய்வுக்கு இழுக்கப்படுபவர் ஆகியோரிடம்தான் புதிய கொள்கை வேலை செய்யும். ஒழுங்காக ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு பழைய லைசன்ஸில் கடை நடத்துபவரை அது தொடாது. எங்கள் தெருவில் மது விற்கும் ஏழு கடைகளும் பழைய லைசன்ஸில்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் இவ்வளவு தடித்த வரைவால் அந்த வாங்கடியில் நாளைக்கு என்ன மாறும்? நாங்கள் ஏழு பேரும் விரும்பி மாற்றினால் மட்டுந்தான் மாறும். மீளாய்வுக்கு இழுத்து ஒவ்வொரு கடையாக அடக்கலாம் என்று யாராவது நினைத்தால், அதற்குச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், மேன்முறையீட்டுக்கு நீதிமன்றம் இருக்கிறது. மாதக் கணக்கில் இழுபடும். கடைக்காரரின் சம்மதந்தான் திட்டத்துக்குக் கிட்டிய வழி. அந்தச் சம்மதம் ஐந்து வட்டங்களால் வராது.

இந்த நாடு இதை ஒருமுறை அனுபவித்துப் பார்த்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தில் ‘மதுக் குழப்ப வலயம்’ என்று ஓர் ஏற்பாடு வந்தது. 2008 ஜூனில் நடைமுறைக்கு விட்டார்கள். குழப்பம் கூடிய பகுதியைக் கவுன்சில் பொலிஸாரின் சம்மதத்தோடு வலயமாக அறிவிக்கலாம். முதலில் அறிவித்தல், கருத்துச் சொல்ல 28 நாள். பிறகு ஒரு செயல்திட்டம் வரும்; அதை நிறைவேற்ற 8 வாரம். நிறைவேறவில்லை என்றால் வலயத்துக்குள் மது விற்கும் இடங்கள் மேலதிகப் பொலிஸ் செலவுக்குக் காசு கட்டவேண்டும். காகிதத்தில் பார்த்தால் கடைக்காரரைக் கேட்கும் படி ஒன்று ஒழுங்காக இருந்தது. ஆனால் கேட்கும்போதே பில் தயாராக இருந்தது. அடையாள அட்டை கேட்டு, வெறிகாரரைத் திருப்பி அனுப்பி ஒழுங்காக நடத்துபவரும், எவருக்கும் எதையும் விற்பவரும் ஒரே பில்லில் வருவார்கள். தன் ஊரின் நடுவில் ‘குழப்ப வலயம்’ என்று பலகை நடவும் எந்தக் கவுன்சிலருக்கும் மனம் வரவில்லை. இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு கவுன்சில்கூட அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. 2011 இல் வந்த சட்டம் அதை நீக்கிவிட்டது.

அதே சட்டம் பின்னிரவு வரி என்ற இன்னொன்றைக் கொண்டுவந்தது. அதை ஏற்கும் கவுன்சிலின் பகுதியில் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் விற்க லைசன்ஸ் உள்ளவர்கள் ஆண்டுதோறும் கட்டவேண்டும். நியூகாசில் 2013 நவம்பரில் முதலாவதாகத் தொடங்கியது. செல்டனம் நகரம் 2014 இல் தொடங்கி 2017 இல் கைவிட்டு, வணிகர்கள் தாங்களே வாக்களித்துக் காசு போடும் அமைப்புக்கு மாறிக்கொண்டது. இரவு வரியைப் பற்றி இவ்வளவு போதும். அது காலைத் தெருவுக்கு உதவாது.

இப்ஸ்விச்சில் நடந்ததுதான் எங்களைப் போன்ற கடைகளுக்குப் பொருந்துவது. அந்த நகரத்தில் தெருக்குடி பெரிய தொல்லையாக இருந்தது. 2012 இல் சஃபோக் பொலிஸாரும் கவுன்சிலும் சுகாதாரத் துறையும் சேர்ந்து கடை கடையாகப் போனார்கள். 6.5 வீதத்துக்கு மேற்பட்ட மலிவான பியரையும் சைடரையும் தட்டிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். சட்டம் காட்டி வெருட்டவில்லை, தண்டமும் இல்லை. நல்ல விலையுள்ள, சுவைக்காகக் குடிக்கும் பியர்களை விட்டுவிட்டு, தெருவில் குடிப்பவர்கள் தேடும் மலிவுச் சரக்கை மட்டும் குறிவைத்தார்கள். பெரும்பாலான கடைகள் சம்மதித்தன. ஈஸ்ற் ஒஃப் இங்கிலண்ட் கோ-ஒப் போன்ற பெரிய கூட்டுறவுக் கடைகளும் சேர்ந்தன. பிறகு பல கவுன்சில்கள் அதைப் பின்பற்றின. கடைக்காரர் லாபத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவர் என்று நினைப்பவர்கள் இப்ஸ்விச் தெருக்களை ஒருமுறை யோசித்துப் பார்க்கவேண்டும்.

எங்கள் தெருவிலும் கடை நடத்தும் ஒரு தம்பி யாரும் கேட்காமலே அதைச் செய்து பார்த்தார். 7.5 வீதச் சைடரையும் கடும் பியரையும் அடியோடு நிறுத்தினார். அவரிடம் வாங்கியவர்கள் மற்றக் கடைகளுக்கு நடந்து வந்தார்கள், எங்களிடமும் வந்தார்கள். அதோடு சேர்த்து வாங்கும் சிகரெட், பாண், பால், மொபைல் ரொப்-அப் எல்லாம் அவரிடமிருந்து போய்விட்டன. சில மாதங்களில் சரக்கைத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கினார். “அக்கா, நான் ஒராள் நிப்பாட்டி என்ன பிரயோசனம்? வாங்கில இருந்த ஆக்கள் அப்பிடியே தானே இருந்தினம்” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஒரு கடை மட்டும் விலகினால் அந்தக் கடைக்குத்தான் நட்டம்.

அப்படியானால் ஏழு பேரும் கூடிக் கதைத்து ஒரே நாளில் நிறுத்தலாமே என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் ஒருவரோடொருவர் போட்டியிடும் கடைகள் தங்களுக்குள் கூடி, இன்ன சரக்கை விற்பதில்லை, இன்ன விலைக்குக் குறைய விற்பதில்லை என்று உடன்படுவது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. அதனால் இப்படியான திட்டங்களில் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக, தானாகவே முடிவெடுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் கவுன்சிலின் கால்கள் தேவை. எங்களால் ஒருவரோடொருவர் பேசி முடிக்க முடியாததை, ஓர் அதிகாரி ஏழு கடைக்கும் தனித்தனியே நடந்து வந்து கேட்டால் முடிக்கலாம். இணையப் படிவம் அந்த நடைக்கு ஈடாகாது.

கேட்கும்போது எதைக் கேட்பது என்பதும் முக்கியம். வரைவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பியர், சைடர் ரின்களைத் தனியாக விற்கக்கூடாது, நாலு ரின் கட்டாகத்தான் விற்கவேண்டும். ஒற்றை ரின் வாங்குபவர்தான் தெருவில் நின்று குடிப்பவர் என்பது அவர்களின் எண்ணம். ஓரளவு உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 500 மில்லி ரின், 7.5 வீதம் என்றால் அதில் 3.75 யூனிட் மது இருக்கிறது. நாலு ரின்னில் 15 யூனிட். ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்று இந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016 இல் சொன்னார்கள். என் ஆறே முக்கால் வாடிக்கையாளர் காசில்லாததால் ஒன்று ஒன்றாக வாங்குகிறார். அடுத்த ரின்னுக்குக் காசு சேரும்வரை நேரம் போகிறது. கட்டாகத்தான் விற்பேன் என்றால் அவர் வாங்கிலிருக்கும் மற்றவரோடு காசைச் சேர்த்து வாங்குவார். நாலும் பத்து மணிக்கு முதல் முடிந்துவிடும். ஒற்றை ரின் தடை நல்ல பலன் தரும் தெருக்கள் இருக்கலாம். எங்கள் தெருவில் அது குடியைக் கூட்டும். ரில்லில் நிற்பவருக்கு இது தெரியும். வரைவு எழுதியவரிடம் இதை யாரும் சொல்லவில்லை.

காடிஃப் நகரத்தின் கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும். ஜொனதன் ஷெப்பர்ட் அங்கே வாய், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். உடைந்த தாடையோடும் கண்ணாடி கிழித்த முகத்தோடும் வருபவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் பொலிஸ் பதிவில் இல்லை என்று கண்டுகொண்டார். எங்கே அடிபட்டது, எப்போது, எதால் என்று அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் இருப்பவர் கேட்டுப் பதியும்படி செய்தார். பெயர்களை நீக்கிவிட்டு அந்த விபரம் பொலிஸாருக்கும் கவுன்சிலுக்கும் போனது. எந்தத் தெரு, எந்த பப் என்று தெரிந்த பிறகு பொலிஸாரை எங்கே நிறுத்துவது, யாரோடு பேசுவது என்பது தெளிவாகியது. உடைந்தாலும் முகத்தைக் கிழிக்காத உறுதியான கண்ணாடிக் குவளைகளை பப்களில் வைக்கவேண்டும் என்றும் அவர் வாதாடினார். ஒப்பிட்ட மற்ற நகரங்களோடு பார்க்கும்போது வன்முறைக் காயத்தால் காடிஃபில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது 42 வீதம் குறைந்தது என்று 2011 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வு சொல்கிறது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் கேட்ட சின்னக் கேள்வியிலிருந்து தொடங்கியது அது.

எங்கள் ரில்லுக்குக் கீழேயும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. ரெஃபியூசல் புத்தகம் என்போம். 25 வயதுக்குக் கீழே தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்டு, இல்லை என்றால் விற்காமல் விட்டதும், வெறியில் வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் அதில் எழுதப்படவேண்டும். எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் இப்படி இருக்கும்: ‘செவ்வாய், பின்னேரம் 3:40, வொட்கா சின்னப் போத்தல், சீருடைக்கு மேல் கறுப்பு ஜக்கெற், அட்டை இல்லை.’ ‘வெள்ளி, 4:05, அதே பெடியன், வெளியே நின்று பெரியவர் ஒருவரிடம் காசு கொடுத்தான், அவருக்கும் விற்கவில்லை.’ ‘சனி, காலை 9:10, சைடர், வெறி, ஏசினார்.’ பக்கங்களைப் புரட்டினால் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தச் சரக்குக்காகத் தொல்லை வருகிறது என்பது தெளிவாகத் தெரியும். பள்ளி முடிந்த முதல் அரை மணித்தியாலம் ஒரு கூட்டம். உதவிப் பணம் வரும் நாளின் காலை இன்னொரு கூட்டம். லைசன்ஸிங் அதிகாரி வரும்போது புத்தகம் இருக்கிறதா, எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார், கையெழுத்து வைப்பார், போய்விடுவார். வாசிப்பதில்லை. ஏழு கடைகளின் புத்தகங்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் இருந்து வாசித்தால், எங்கள் தெருவுக்கான திட்டத்தில் பாதி அங்கேயே எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்.

கவுன்சிலைச் சொன்ன வாயால் எங்கள் ஆட்களையும் சொல்லவேண்டும். லண்டனில் தமிழர் நடத்தும் சில்லறைக் கடைகள் ஏராளம். மது லைசன்ஸ் இல்லாமல் அவற்றில் பல ஒரு மாதம் தாக்குப்பிடிக்காது. அப்படியிருந்தும் லைசன்ஸ் சம்பந்தமான கடிதம் வந்தால் பிரிக்காமலே இழுப்பறைக்குள் போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு வாருங்கோ என்று தெரிந்த ஒருவரைக் கேட்டேன். “உதுக்கெல்லாம் ஏன் போறியள் அக்கா? போனால் எங்கட பெயர் அவையின்ர கண்ணில படும், விடுங்கோ” என்றார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இலங்கையில் சீருடையும் முத்திரையும் பதிவேடும் எங்களை எப்படி நடத்தின என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இங்கே வந்தோம். ஆனால் இங்கே பேசாமல் இருப்பவருக்காக வேறொருவர் பேசிவிடுகிறார். கூட்டத்துக்கு வருவது பெரிய சுப்பர்மார்க்கெற்றின் சட்டத்தரணி, பப் கொம்பனியின் பிரதிநிதி, குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். ரில்லில் நிற்கும் நாங்கள் மட்டும் இல்லை. கூட்டம் மாலை ஆறு மணிக்கு வைத்தால் எப்படி வருவது என்பதும் நியாயமான கேள்விதான். அது எங்களுக்கு வியாபாரம் உச்சமாக இருக்கும் நேரம். பின்னேரம் இரண்டு மணிக்குக் கடை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் அதிகாரி வந்தால் தேத்தண்ணியும் கொடுத்து எல்லாம் சொல்வோம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் பிள்ளைகளை வைத்து எழுதலாம். தமிழில் எழுதி அனுப்பி, மொழிபெயர்த்து வாசியுங்கள் என்றும் கேட்கலாம்.

மது விற்றுப் பிழைப்பவர்களிடம் மதுவைக் குறைக்க யோசனை கேட்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. மதுவுக்கு யூனிட் ஒன்றுக்கு இன்ன விலைக்குக் குறையக்கூடாது என்று ஸ்கொட்லாந்து பாராளுமன்றம் 2012 இல் சட்டம் நிறைவேற்றியது. ஸ்கொட்ச் விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கு லக்சம்பேர்க் வரை போய், 2017 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 1 இல். அந்த விலையால் மதுவை மட்டும் காரணமாகக் கொண்ட சாவுகள் 13.4 வீதம் குறைந்தன என்று 2023 இல் லான்செற் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அப்படியென்றால் வழக்கில் கழிந்த அந்த ஆண்டுகளில் எத்தனை குடும்பம் ஆளை இழந்திருக்கும்? ஆகவே தொழில் செய்பவரிடம் கேட்பது என்பது அவர் கையில் பூட்டைக் கொடுப்பது ஆகிவிடக்கூடாது. எங்களுக்கு மறுக்கும் அதிகாரம் வேண்டாம். நாங்கள் சொல்வதைக் கேளுங்கள், எடைபோடுங்கள், ஏற்காததை ஏன் ஏற்கவில்லை என்று எழுதி வெளியிடுங்கள். வயது குறைந்தவருக்கும் வெறிகாரருக்கும் விற்கும் கடை எங்கள் தெருவில் இருந்தால், அது தமிழருடையதாக இருந்தாலும், மீளாய்வுக்கு இழுத்து லைசன்ஸைப் பறியுங்கள். அந்தக் கடையால் கெட்ட பெயர் எடுப்பது நாங்கள் எல்லோருந்தான். சொல்லப்போனால், குறைந்தபட்ச விலை இங்கிலாந்துக்கும் வந்தால் நான் கை தட்டுவேன். சுப்பர்மார்க்கெற் விற்கும் விலைக்கு எங்களால் காஷ் அன்ட் கரி மொத்தக் கடையில் வாங்கவே முடிவதில்லை.

காலை நேரத்தைப் பற்றி எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். பத்து மணிக்கு முதல் எந்தக் கடையிலும் மது விற்பதில்லை என்றால் பள்ளிக்கூட நேரத்தில் அந்த வாங்கு வெறுமையாக இருக்கும். ஆனால் நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிக் குடித்துப் பழகிய உடம்புக்கு மது திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். என் ஆறே முக்கால் வாடிக்கையாளரை இரவு முழுக்கக் காய்ந்திருந்த உடம்போடு இன்னும் மூன்று மணித்தியாலம் நிறுத்திவைப்பது சின்ன விஷயம் இல்லை. பௌர்ணமிப் போயா நாளுக்கு மதுக்கடை பூட்டினால் முதல் நாளே வாங்கி வைக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். அவரும் முதல் நாளே வாங்கி வைக்கப் பார்ப்பார். ஆனால் கையில் காசு இருக்காது, இருந்தாலும் வாங்கியது விடியும்வரை மிஞ்சாது. அதனால் நேரத்தை மாற்றுவதற்குச் சில கிழமைக்கு முன்பே, மதுப் பழக்கத்துக்குச் சிகிச்சை கொடுக்கும் சேவையிலிருந்து ஒருவர் காலை ஏழு மணிக்கு அந்த வாங்கடிக்கு வரவேண்டும். அலுவலகத்தில் ஒன்பதுக்குக் கதவு திறந்து காத்திருந்தால் போதாது. யார் யார் என்று காட்டித்தர என்னால் முடியும். அவர்களில் இருவர் என்னோடு மனம் விட்டுக் கதைப்பவர்கள்.

லைசன்ஸில் நாங்களாகக் கேட்டு நிபந்தனை சேர்க்க ஒரு சுலபமான வழி சட்டத்தில் இருக்கிறது. சிறு மாற்றத்துக்கான விண்ணப்பம். கட்டணம் 89 பவுண். ‘காலை 10 மணிக்கு முதல் மது விற்பனை இல்லை’ என்ற வரியோடு அந்தப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். என் கணவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மற்ற ஆறு கடைகளும் காலையில் விற்க, நாங்கள் மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்தத் தம்பிக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடக்கும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். மற்ற ஆறு பேரிடமும் நான் போய் இதைக் கேட்டு உடன்பாடு பண்ணச் சட்டம் விடாது. கவுன்சில் அதிகாரி கேட்கலாம். கருத்துக் கேட்பு முடிய இன்னும் சில கிழமை இருக்கிறது. ஒரு பின்னேரம் இரண்டு மணிக்கு அவர் எங்கள் தெருவுக்கு நடந்து வந்து, ஏழு கதவுக்குள்ளும் போய் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும். முதல் கடையாக எங்கள் கடைக்கு வரட்டும்; படிவத்தில் கையெழுத்து வைத்து அவர் கையிலேயே கொடுக்கிறேன்.